சிறிய ரிவால்வர்: சட்டகத்தின் அளவும் கைக்கு அமையும் பிடியும்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் மாடல் 10 ஒன்றையும் மாடல் 36 ஒன்றையும் தோட்டாக்களை நீக்கி மேசைமேல் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் இரண்டு அங்குல அளவிலான குட்டைக் குழல் கொண்டவை; இரண்டும் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கானவை. முன்னது நடுத்தரச் சட்டகம், பின்னது சிறிய சட்டகம் என்று நூல்கள் வகைப்படுத்துகின்றன. ஆயினும் மேலிருந்து நோக்கும்போது, தோட்டாக்களை அடக்கிச் சுழலும் சிலிண்டர்களின் விட்டத்தில் காணப்படும் வேறுபாடு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர்தான். பக்கத்துக்குப் பாதியாகப் பிரித்தால், ஒவ்வொரு பக்கமும் ஒரு தீக்குச்சியின் கனம்கூட வராது. கையில் எடுத்துப் பிடித்தாலோ, இவை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொல்லவே தோன்றாது. ஒன்றில் மூன்று விரல்களும் இடம் பிடித்து அமர்கின்றன. மற்றதில் சுண்டு விரல் பற்றுவதற்கு எதுவுமின்றிக் காற்றில் தொங்குகிறது.

சிறிய ரிவால்வர்களை ஒப்பிடும் பேச்சுகளில் மிகுதியாக அடிபடுவது சட்டகத்துக்கு இட்ட எழுத்துப் பெயரும், எடையும், தோட்டாக்களின் எண்ணிக்கையும்தான். கை தொடுவது இவற்றில் எதையும் அன்று. கை தொடுவது பிடியை. சட்டகத்தின் அளவு என்பது சிலிண்டரால் தீர்மானிக்கப்படுகிறது, பிடியின் பொருத்தம் என்பது கையால் தீர்மானிக்கப்படுகிறது. இவை இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பிரித்தறியாமல் வாங்குவதால்தான் நல்ல ரிவால்வர்கள் பல, இரண்டு முறை சுடப்பட்டபின் பெட்டிக்குள் முடங்கிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

சட்டகம் எனப்படும் பிரேம், ரிவால்வரின் எலும்புக்கூடு. குழல் அதன் முன்பக்கம் திருகப்படுகிறது. சிலிண்டர் அதன் நடுவிலுள்ள சாளரத்துக்குள் அடங்குகிறது. விசையும் சுத்தியலும் அதன் வயிற்றுக்குள் இருக்கின்றன. பின்புறம் கீழ்நோக்கி நீளும் பகுதியின்மேல் பிடியின் பலகைகள் பொருத்தப்படுகின்றன. ஆகவே எத்தனை தோட்டாக்கள், எந்த அளவுத் தோட்டாக்கள் என்று முடிவு செய்தவுடனேயே சட்டகத்தின் அகலமும் உயரமும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. இதை எளிய வடிவியலால் காட்டலாம். .38 ஸ்பெஷல் தோட்டாவின் அடி விளிம்பின் விட்டம் சுமார் 11.2 மில்லிமீட்டர். ஆறு தோட்டாக்களை விளிம்போடு விளிம்பு தொடும்படி வட்டமாக அடுக்கினால், அவற்றின் மையங்கள் அமையும் வட்டத்தின் ஆரமும் அதே 11.2 மில்லிமீட்டராக இருக்கும். ஒழுங்கான அறுகோணத்தின் பக்கமும் ஆரமும் சமம் என்று பள்ளியில் படித்ததுதான். ஐந்து தோட்டாக்களை அவ்வாறே அடுக்கினால் ஆரம் 9.5 மில்லிமீட்டராகக் குறைகிறது. விட்டத்தில் இது ஏறக்குறைய 3.3 மில்லிமீட்டர் வேறுபாடு. மேசைமேல் வைத்த இரண்டு ரிவால்வர்களில் நாம் கண்ட வேறுபாடு இங்கிருந்துதான் பிறக்கிறது. ஐந்து தோட்டாச் சிலிண்டர் சுமார் 33.3 மில்லிமீட்டர்; ஆறு தோட்டாச் சிலிண்டர் சுமார் 36.8 மில்லிமீட்டர்.

ஐந்து என்ற ஒற்றைப்படை எண்ணுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அமைப்பில், சிலிண்டரைச் சரியான இடத்தில் நிறுத்தும் பூட்டு அதன் அடிப்புறத்தில், அதாவது குழலுக்கு நேரெதிரே அமைந்திருக்கிறது. ஆறு அறைகள் இருந்தால் குழலுக்கு நேரெதிரே இன்னோர் அறை வரும். பூட்டு விழும் வெட்டு அந்த அறையின் மெல்லிய சுவரின்மேல் விழும். அதைத் தவிர்க்க வெட்டைச் சற்று ஒதுக்கி அமைக்க வேண்டும், அல்லது சுவரைத் தடிமனாக்க வேண்டும். ஐந்து அறைகள் இருந்தால் அந்த இடம் இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட கெட்டியான உலோகமாக அமைந்துவிடுகிறது. சிறிய சட்டகத்தில் வலுவான தோட்டாவைப் பயன்படுத்த முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்துகளின் வரலாறும் இந்த வடிவியலோடு ஒட்டியதே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் சட்டகங்களுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தது. 1902 முதல் 1921 வரை வந்த லேடிஸ்மித் என்ற ஏழு தோட்டா .22 ரிவால்வர், எம் என்ற மிகச் சிறிய சட்டகத்தைச் சேர்ந்தது. .32 தோட்டாவுக்கென அமைந்தது ஐ சட்டகம். 1899-இல் .38 ஸ்பெஷல் தோட்டாவுடன் வந்த மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வரின் சட்டகமே கே. அதுவே பின்னாளில் மாடல் 10 ஆனது. ஐ சட்டகத்தில் .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற குட்டையான பழைய தோட்டா ஐந்து கொள்ளும், ஆனால் நீளமான.38 ஸ்பெஷல் அதன் சிலிண்டருக்குள் அடங்காது. அதற்காகச் சட்டகத்தை நீட்டி உருவாக்கியதே ஜே. 1950-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்த காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் அந்த ரிவால்வர் காட்டப்பட்டு, அங்கேயே சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயரையும் பெற்றது. 1957-இல் நிறுவனம் மாடல் எண்களைக் கொடுக்கத் தொடங்கியபோது அது மாடல் 36 ஆயிற்று. 1990களின் நடுவில் இன்னும் வலுவான .357 மேக்னம் தோட்டாவை ஏற்கும் வகையில் ஜே சட்டகம் மீண்டும் சற்றே நீண்டது. எனவே ஜே என்ற ஒரே எழுத்தின் கீழும் எல்லாம் ஒரே அளவு என்று கொள்வது பிழை. பழைய ஜே ரிவால்வருக்குத் தைத்த தோலுறை புதியதற்கு இறுக்கமாக இருப்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள்.

கோல்ட் நிறுவனம் வேறு வழியில் போயிற்று. 1927-இல் அது கொண்டுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷல், டி என்ற சட்டகத்தில் ஆறு தோட்டாக்களையும் அடக்கியது. அதன் சிலிண்டர் 35.5 மில்லிமீட்டர் அளவில், ஜே சட்டகத்துக்கும் கே சட்டகத்துக்கும் நடுவில் நிற்கிறது. 1950-இல் அதே சட்டகத்தை அலுமினியத்தில் செய்து கோப்ரா என்று பெயரிட்டார்கள். 1955-இல் வந்த ஏஜென்ட்டில் அவர்கள் செய்த மாற்றம் நம் பேச்சுக்கு மிக முக்கியமானது: சட்டகத்தின் உடலைத் தொடாமல், பிடியின் எலும்பை மட்டும் குட்டையாக்கினார்கள். சிலிண்டர் அதேதான், தோட்டாக்கள் அதே ஆறுதான். மறைப்பதற்கு எளிதான ரிவால்வர் கிடைத்துவிட்டது. சட்டகத்தின் அளவும் பிடியின் அளவும் வெவ்வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னாளில், 2016-இல் வந்த கிம்பர் கே6எஸ், ஆறு .357 மேக்னம் தோட்டாக்களை 35 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய சிலிண்டருக்குள் அடக்கியது. அதன் பக்கங்கள் வழக்கமான குழிவுகளுக்குப் பதிலாகத் தட்டையாகச் சீவப்பட்டிருக்கின்றன. 2017-இல் கோல்ட் மறுபடியும் கோப்ரா என்ற பெயரில் ஓர் ஆறு தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. டாரஸ் 856-உம் இந்த வரிசையில் நிற்பதே. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலான வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த ஒரு தோட்டாவுக்காக இரண்டு மில்லிமீட்டர் அகலத்தைக் கொடுக்கலாமா என்பது அவரவர் விருப்பம். இரு பக்கமும் நேர்மையான வாதங்கள் உள்ளன.

அளவு வேறு, எடை வேறு என்பதையும் இங்கே பிரித்துவிட வேண்டும். ரூகர் நிறுவனத்தின் எஸ்பி101-உம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 642-உம் சட்டைப்பைக்குள் போகும் அளவில் ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும். இரண்டிலும் ஐந்து தோட்டாக்கள். ஆனால் எஃகால் ஆன எஸ்பி101 சுமார் 735 கிராம். அலுமினியச் சட்டகம் கொண்ட 642 சுமார் 425 கிராம். எஃகால் ஆன மாடல் 36 இடையில், 550 கிராம் அளவில் இருக்கிறது. 1964-இல் தொடங்கிய சார்ட்டர் ஆர்ம்ஸ் அண்டர்கவர், எஃகுச் சட்டகத்துடனேயே 450 கிராம் அளவுக்கு இறங்கிக் காட்டியது. 2009-இல் வந்த ரூகர் எல்சிஆர், விசை அமைப்பைத் தாங்கும் கீழ்ப்பகுதியை முழுவதும் பாலிமரில் செய்து, 385 கிராம் அளவில் நின்றது. ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட மாடல் 340பிடி 340 கிராமுக்கும் கீழே போய், .357 மேக்னம் தோட்டாவையும் ஏற்கிறது. எண்களாகப் பார்க்கும்போது இது வியப்பூட்டும் வளர்ச்சி. கையில் நடப்பது வேறு.

குண்டு முன்னே போகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் ரிவால்வரைப் பின்னே தள்ளும். 10.2 கிராம் எடையுள்ள .38 குண்டு, குட்டைக் குழலிலிருந்து நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். வெடிமருந்து வாயுவின் பங்கை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 735 கிராம் ரிவால்வர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். அதன் ஆற்றல் 3.3 ஜூல். 425 கிராம் ரிவால்வர் நொடிக்கு 5.2 மீட்டர் வேகத்தில், 5.7 ஜூல் ஆற்றலுடன் பின்வாங்கும். 330 கிராம் அளவுக்கு எடை இறங்கினால் ஆற்றல் 7 ஜூலைத் தாண்டிவிடும். எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரு மடங்காகும் என்பதே இதன் சாரம். மேக்னம் தோட்டாவோடு இந்தக் கணக்கைப் போட்டால் வரும் எண்களை உள்ளங்கை தாங்கலாம், ஆனால் விரும்பாது. ரிவால்வர் அவ்வளவு வேகமாகப் பின்னே பாயும்போது, இன்னும் சுடப்படாமல் சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் தம் உறைகளிலிருந்து முன்னே நழுவி, சிலிண்டர் சுழல்வதையே தடுத்துவிடக்கூடும். 340பிடியின் குழலிலேயே 120 கிரெயினுக்கு (சுமார் 7.8 கிராம்) குறைந்த குண்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்; ஆனால் அது டைட்டானியம் சிலிண்டர் விரைவில் அரிபடாமல் இருப்பதற்காக.

இனி பிடிக்கு வருவோம். உண்மையில் இக்கட்டுரையின் பெரும்பகுதி இதற்குத்தான் உரியது. பழைய மாடல் 36 ஒன்றை அதன் சிறிய மரப் பலகைகளோடு வலக்கையில் பற்றுவதாகக் கொள்வோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை, பிடியின் முதுகுப் பட்டையில் மேலே போய் ஒட்டுகிறது. நடு விரல் விசைக் காப்பு வளையத்தின் பின்புறம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு குழிவு இருக்கிறது. அங்கே பலகை இல்லை, வெறும் எஃகு மட்டுமே. விரலுக்கும் அந்த எஃகுக்கும் இடையில் இடைவெளி விழுகிறது. மோதிர விரல் பலகையைப் பற்றுகிறது. சுண்டு விரலுக்குப் பிடியே மிச்சமில்லை. இந்த நிலையில் சுட்டால், ரிவால்வர் பின்னே வருவதோடு நில்லாமல் கைக்குள் மேல்நோக்கிச் சுழலும். விசைக் காப்பு வளையத்தின் பின்விளிம்பு நடு விரலின் கணுவில் வந்து இடிக்கும். ஐந்து தோட்டாக்கள் சுட்டு முடிந்ததும், ஐந்து முறையும் பிடியைத் திருத்திப் பிடித்திருக்கிறோம் என்பது புலப்படும். இந்த வலிக்குத் தோட்டாவைக் குறை சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் குறை அந்தக் குழிவில்தான் இருக்கிறது. விசைக் காப்பு வளையத்தின் பின்னால் அந்த இடைவெளியை மட்டும் நிரப்பும் சிறிய உலோகத் துண்டு ஒன்றை டைலர் டி-கிரிப் என்ற பெயரில் பல்லாண்டுகளாகச் செய்து விற்கிறார்கள். மரப் பலகைகளை மாற்றாமலேயே அது தரும் மாற்றம் அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரியது.

அடுத்தது, விசைக்கு விரல் எட்டும் தூரம். முதுகுப் பட்டையில் கை ஒட்டும் புள்ளியிலிருந்து விசையின் முகம் வரை உள்ள தொலைவே அது. பிடியின் பொருத்தத்தை ஒரே அளவால் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். கே சட்டகத்தில் இந்தத் தூரம் அதிகம், ஜே சட்டகத்தில் குறைவு. அதனாலேயே சிறிய கைகளுக்குச் சிறிய சட்டகம் என்ற பொதுவான அறிவுரை பிறந்தது. அது பாதி உண்மை மட்டுமே. தூரம் மிகையாக இருந்தால் விரல் நுனி மட்டுமே விசையைத் தொடும். அந்தக் குறையை ஈடு செய்யக் கை தானாகவே பிடியைச் சுற்றி நகரும்; குழலின் கோடு முன்கையின் கோட்டிலிருந்து விலகிவிடும்; பின்னுதைப்பு முழுவதும் கட்டைவிரலின் அடி மூட்டில் இறங்கும். தூரம் குறைவாக இருந்தாலும் தொல்லைதான், ஆனால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நீண்ட விரல்களை உடையவர் ஜே சட்டகத்தை வெறும் பலகைகளோடு பிடிக்கும்போது, ஆள்காட்டி விரல் இரண்டாம் கணு வரை வளையத்துக்குள் நுழைந்துவிடும். விசை பின்னே வரவர விரல் மடங்க இடமின்றி, அதன் நுனி மறுபக்கத்தில் உள்ள கட்டைவிரலில் போய் முட்டும். இழுப்பின் கடைசி நொடியில் குழல் பக்கவாட்டில் விலகும். பெரிய கை உடையவர் சிறிய ரிவால்வரால் குறி தவறுவதற்குக் குழலின் குட்டையைவிட இதுவே மிகுதியான காரணம்.

இது இவ்வளவு பெரிதாவதற்குக் காரணம் விசையின் கனம். சுத்தியலை முன்கூட்டியே நிமிர்த்தாமல் ஒரே இழுப்பில் சுடும் டபுள் ஆக்‌ஷன் முறையில், சிறிய ரிவால்வர்களின் விசைக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் இழுப்பு தேவைப்படுகிறது. 425 கிராம் எடையுள்ள பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் ஒரு பகுதியை அதன் எடையைப் போல் பன்னிரண்டு மடங்கு அழுத்தத்தோடு இழுக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். இழுப்பு நேர் பின்னோக்கி அமையாமல் சற்றே சாய்ந்தாலும், சாய்ந்த அந்தச் சிறு பங்கே முழு ரிவால்வரையும் நகர்த்தப் போதுமானது. கே சட்டகத்தில் சுத்தியலை இயக்குவது நீண்ட தகடு வில். ஜே சட்டகத்தில் இடம் போதாமையால் சுருள் வில். சிறிய சட்டகத்தில் சுத்தியலும் சிறியது, அது வீசி வரும் தொலைவும் குறைவு. எனவே தோட்டாவின் பற்றவைப்பை உறுதியாக அடிக்க வில் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது. சிறிய ரிவால்வரின் விசை ஏன் பெரியதைவிடக் கனமாக இருக்கிறது என்ற கேள்விக்கு இதுவே விடை. விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் .22 வகைகளில் இழுப்பு இன்னும் கடுமையாவதுண்டு. பின்னுதைப்பு இல்லையே என்று அதை வாங்கிய மெலிந்த விரல்களை உடையவர்கள் அங்கே ஏமாற்றம் அடைகிறார்கள். ரூகர் எல்சிஆரில் உராய்வைக் குறைக்கும் வளைவுப் பல் ஒன்றை வைத்து, இழுப்பின் நடுவில் கனம் திடீரென ஏறாதபடி செய்திருக்கிறார்கள். பழைய கோல்ட் ரிவால்வர்களில் இதற்கு நேர்மாறாக, மென்மையாகத் தொடங்கும் இழுப்பு முடிவை நெருங்கும்போது ஏறிக்கொண்டே போகும். எது நல்லது என்பதைக் கை பழகித்தான் சொல்ல வேண்டும்.

கை எவ்வளவு மேலே ஏற முடியும் என்பது சுத்தியலின் வடிவத்தைப் பொறுத்தது. சுத்தியல் வெளியே தெரியும் வகைகளில், கவட்டை அதன் வழிக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். மீறி ஏறினால் சுத்தியல் பின்வரும்போது சதையைக் கடிக்கும். 1952-இல், நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி வந்த சென்டென்னியல் வகையில் சுத்தியல் முழுவதும் உடலுக்குள் மறைந்திருக்கிறது. முதுகுப் பட்டையும் மேலே உயர்ந்து வளைகிறது. கையை அந்த வளைவு வரை ஏற்றிப் பிடித்தால், குழலின் கோடு முன்கைக்கு மேலும் நெருங்குகிறது. நெருங்கினால், ரிவால்வரை மேல்நோக்கித் திருப்பும் நெம்புகோலின் நீளம் குறைகிறது. எனவே ஒரே ஜே சட்டகத்தில், ஒரே எடையில், சுத்தியல் வெளியே உள்ளதும் மறைந்ததும் கையில் வேறு வேறாக உதைக்கின்றன. 1955-இல் தொடங்கிய பாடிகார்டு வகை, சுத்தியலின் இருபுறமும் மதில் எழுப்பி, விரலால் நிமிர்த்த ஒரு நுனியை மட்டும் விட்டு வைத்தது. இரண்டுக்கும் நடுவான வழி அது. என் தேர்வு எப்போதும் சென்டென்னியல் வடிவமே.

பலகைகளை மாற்றுவதுதான் பொருத்தத்தைச் சரிசெய்ய மிக எளிய வழி. ஆனால் எந்தத் திசையில் மாற்ற வேண்டும் என்று தெரிந்து செய்ய வேண்டும். முதுகுப் பட்டையையும் மூடும் ரப்பர் பிடிகள், உதையை மெத்தெனத் தாங்குவதோடு, விசைக்கான தூரத்தையும் சில மில்லிமீட்டர் கூட்டுகின்றன. நீண்ட விரல்களுக்கு இது இரட்டை நன்மை. குறுகிய விரல்களுக்கோ ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போன்றது: உள்ளங்கை வலி குறையும், விரல் விசைக்கு எட்டாமல் போகும். அவர்களுக்கு முதுகுப் பட்டை வெளியே தெரியும்படி, பக்கங்களையும் முன்புறத்தையும் மட்டும் நிரப்பும் பிடியே ஏற்றது. அடிமுனையை வெட்டிச் சீவிய வடிவிலுள்ள, பூட் கிரிப் என்று பெயர் பெற்ற குட்டைப் பிடிகள் இந்த வகையில் பெரிதும் விரும்பப்படுகின்றன. அவை சுண்டு விரலுக்கு இடம் தருவதில்லை, ஆனால் நடு விரலுக்குப் பின்னாலுள்ள குழிவை நன்றாக நிரப்புகின்றன. முன்புறத்தில் விரல்களுக்கெனப் பள்ளங்கள் வெட்டிய பிடிகளை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. பள்ளங்கள் யாரோ ஒருவரின் விரல் அகலத்துக்கு வெட்டப்பட்டவை. நம் விரல்கள் அவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், மேடுகள் விரல்களின் நடுவில் ஏறி நிற்கும். கையை மேலே ஏற்றிப் பிடிக்கவும் விடாது.

இவ்விடத்தில் ரூகரின் அமைப்பைத் தனியே பாராட்ட வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலும் கோல்ட்டிலும் பிடியின் வடிவத்தை எஃகு அல்லது அலுமினிய எலும்பே முன்கூட்டி வரையறுத்துவிடுகிறது. பலகைகளால் அந்த எலும்பைவிடச் சிறிய பிடியைத் தர முடியாது. எஸ்பி101-லும் எல்சிஆரிலும் பிடிக்குள் இருப்பது ஒரு சிறிய முளை மட்டுமே. அதைச் சுற்றி எந்த வடிவத்திலும், மெலிதாகவோ தடிமனாகவோ, நெட்டையாகவோ குட்டையாகவோ பிடியை அமைத்துக்கொள்ளலாம். முதுகுப் பட்டை என்ற ஒன்றே இல்லாததால், கவட்டையில் இடிக்கும் உலோகமும் இல்லை. இலேசான எல்சிஆர், அதே எடையுள்ள மற்றவற்றைவிட மென்மையாக உதைப்பதாகப் பலரும் உணர்வதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

கை சிறியது என்றாலோ, பெண்ணின் கை என்றாலோ, கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது மிக இலேசான, மிகச் சிறிய ரிவால்வரைத்தான். நூறாண்டுக்கு முன் லேடிஸ்மித் என்று பெயர் வைத்த காலத்திலிருந்தே தொடரும் பழக்கம் இது. அந்த லேடிஸ்மித்தாவது .22 தோட்டாவுடையது, இன்று காட்டப்படுவதோ 400 கிராமில்.38, சில வேளைகளில் மேக்னம்கூட. வலு குறைந்த கைக்கு வேண்டியது எடையுள்ள ரிவால்வரும், எட்டும் தூரத்தில் விசையும்தான். முதுகுப் பட்டையை மூடாத மெலிந்த பிடி போட்ட எஃகு ரிவால்வரில் இவை இரண்டும் ஒருங்கே கிடைக்கின்றன. .38-க்குப் பதிலாக .32 வகைத் தோட்டாக்களைத் தேர்ந்தால், அதே சிறிய சட்டகத்தில் ஆறு அடங்கும், உதையும் குறையும். முதல் முறை சுடும்போதே கை வலித்து, அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், அதைப் போக்குவது பெரும்பாடு.

உடலில் மறைத்துக் கொண்டு செல்பவர்களுக்குப் பிடியின் நீளம்தான் பெரிய தடை. குழல் இடுப்புக்குக் கீழே கால்சட்டைக்குள் இறங்கி மறைந்துவிடும். துணிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பது பிடியின் அடிமுனையே. ரப்பர் துணியைப் பற்றிக்கொண்டு மேலே இழுத்துவிடும். வழவழப்பான மரத்தின்மேல் துணி வழுக்கி இறங்கும். சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போதும் இதே கதைதான். ஆகவே சுடுவதற்கு இதமான பிடியும் சுமப்பதற்கு இதமான பிடியும் ஒன்றாக இருப்பது அரிது. பயிற்சிக்குப் பெரிய ரப்பர் பிடி, சுமக்கச் சிறிய மரப் பிடி என்று இரண்டு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. எந்தப் பிடியோடு சுமக்கிறாரோ அதே பிடியோடு பழகாதவரின் கை, தேவைப்படும் நேரத்தில் விசையை வேறோர் இடத்தில் தேடும். அதனால் எனக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடில்லை.

கடையில் பிடித்துப் பார்க்கும்போது எளிதில் விட்டுப்போகும் சோதனை ஒன்று உண்டு. சிலிண்டர் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் குழலை வைத்து, விசையை மெல்ல இழுத்துப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரியே. முன் குறியின்மேல் கண் வைத்திருக்கும்போது அது கடைசி வரை அசையாமல் நின்றால் தூரம் பொருந்துகிறது என்று கொள்ளலாம். அதோடு நிறுத்திவிடாமல் சிலிண்டரை இடப்பக்கம் திறந்து, வெற்றுறைகளை வெளித்தள்ளும் கோலையும் அழுத்திப் பார்க்க வேண்டும். குட்டைக் குழலுக்குக் கீழே இடம் குறைவு என்பதால் அந்தக் கோலும் குட்டை; .38 உறைகளையே அது முழு நீளத்துக்கு வெளியே தள்ளாது, நீளமான .357 உறைகளை இன்னும் குறைவாகவே தள்ளும். எஞ்சிய தொலைவை உறைகள் தம் எடையாலேயே விழுந்து கடக்க வேண்டும். அந்த வழியில்தான் இடப்பக்கப் பலகை நிற்கிறது. அது தடித்திருந்தால், பிடிக்கு மிக அருகில் உள்ள உறை பலகையின் மேல்விளிம்பில் தட்டி நின்றுவிடும். ஐந்து தோட்டாக்களை ஒருசேர நுழைக்கும் ஸ்பீடுலோடரும் அதே இடத்தில் முட்டும். நல்ல பிடி செய்பவர்கள் இடப்பக்கப் பலகையின் மேற்பகுதியை மட்டும் பிறை வடிவில் குடைந்து விடுகிறார்கள். வாங்குமுன் அந்தக் குடைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், மரப் பலகையாயின் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம்; ரப்பராயின் வேறு பிடியைத் தேடுவதே வழி.